மண்ணுக்குள் யுரேனியம்: பிடித்து வைப்பது எது? அவிழ்த்து விடுவது எது?

யுரேனியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது அணுகுண்டும் அணுமின் நிலையமும்தான். ஆனால் அது ஆய்வகத்தில் மனிதன் உண்டாக்கிய பொருள் அல்ல. நாம் நடக்கும் மண்ணில், வீடு கட்டும் கருங்கல்லில், கடல் நீரில், சில ஊர்களின் கிணற்று நீரில் என எங்கும் அது இயற்கையாகவே இருக்கிறது. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாக யுரேனியம் உண்டு. வெள்ளியை விட இதுவே அதிகம். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.3 மைக்ரோகிராம் கரைந்திருக்கிறது. (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.)

பாறைக்குள் கட்டுண்டு கிடக்கும் வரை அதனால் நமக்குப் பெரிய தொல்லை இல்லை. அது நீரில் கரைந்து, கிணற்றுக்கு வந்து, குடத்தில் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு யுரேனியம் இருக்கிறது?" என்பது மட்டுமன்று. "அது அசையாமல் கிடக்கிறதா, நகர்கிறதா?" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதைத் தீர்மானிப்பவை மண்ணிலுள்ள கனிமங்கள், இலைதழை மக்கி உண்டான கரிமப் பொருட்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகிய மூன்றும்தான்.

இக்கட்டுரையை எழுதும் நாம் வேதியியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஆனால் குடிநீர் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஒரு பக்கம் பீதியும் மறு பக்கம் அலட்சியமும் பரவுவதைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் மருந்து விவரம் அறிந்துகொள்வதே. ஆகவே முடிந்தவரை எளிய தமிழில் தொகுத்துத் தருகிறோம்.

ஒரே தனிமம், இரண்டு குணம்

1789-இல் ஜெர்மானிய வேதியியலாளர் மார்ட்டின் கிளாப்ரோத், பிட்ச்பிளெண்ட் என்ற கரிய கனிமத்தை ஆராய்ந்தபோது யுரேனியத்தை அடையாளம் கண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் பெயரையே இதற்கும் சூட்டினார். அது கதிர்வீசும் பொருள் என்பது 1896-இல்தான் ஹென்றி பெக்கரலால் தெரியவந்தது.

மண்ணுக்குள் யுரேனியம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் காணப்படுகிறது. வேதியியலார் இவற்றை நான்காம் நிலை, ஆறாம் நிலை என்பர். இழந்த எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையே இந்தக் கணக்கு.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் யுரேனியம் நான்காம் நிலையில் இருக்கும். அப்போது யுரேனினைட் போன்ற கரிய கனிமமாக உறைந்து, நீரில் கரையாமல் கிடக்கும். ஆக்சிஜன் பட்டதும் மேலும் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து ஆறாம் நிலைக்கு மாறும். அப்போது இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இருபுறமும் சேர்த்துக்கொண்டு 'யுரேனைல்' என்ற வடிவமெடுத்து நீரில் கரைந்து பயணம் போகும்.

இது இரும்புக்கு நேர்மாறானது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும்போது தெளிவாக இருந்து, பாத்திரத்தில் சற்று நேரம் வைத்ததும் செந்நிறமாகக் கலங்கி அடியில் படிவதைப் பலர் பார்த்திருப்போம். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பு கரைந்திருந்தது; காற்றுப் பட்டதும் துருவாகி வெளியே வந்துவிட்டது. காற்றுப் பட்டால் இரும்பு உறையும், யுரேனியம் கரையும். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

கரைந்த யுரேனியத்துக்கு ஒரு துணையும் உண்டு. அதுதான் நீரில் கரைந்திருக்கும் கார்பனேட். மண்ணிலுள்ள வேர்களும் நுண்ணுயிர்களும் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அது நீரில் கரைந்து பைகார்பனேட்டாகவும் கார்பனேட்டாகவும் மாறுகிறது. யுரேனைல் இதனுடன் உறுதியாகப் பிணைந்துகொள்ளும். நீரில் கால்சியமும் இருந்தால் மூன்றும் சேர்ந்து மின்னூட்டம் அற்ற ஒரு கூட்டாக மாறிவிடும். மின்னூட்டம் இல்லாததை மண் துகள்களால் எளிதில் ஈர்த்துப் பிடிக்க முடியாது. கடின நீர் உள்ள பகுதிகளில் யுரேனியம் தங்குதடையின்றி நகர இது ஒரு முக்கியக் காரணம்.

கனிமங்கள் செய்யும் காவல்

நிலத்தடியில் யுரேனியத்தைத் தடுத்து நிறுத்தும் கனிமங்களில் முதலிடம் இரும்பு ஆக்சைடுகளுக்கு. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது ஹெமடைட். மஞ்சள் பழுப்பு நிறம் தருவது கோதைட். மணல் துகள்களின் மீது மெல்லிய பூச்சாகவும் இவை படிந்திருக்கும். அளவில் சிறிதாயினும் இவற்றின் மேற்பரப்பு மிகப் பெரிது. கடந்து செல்லும் நீரிலுள்ள யுரேனைல் இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த ஒட்டுதல் நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. நீர் மிகுந்த அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, யுரேனியம் ஒட்டாது. நடுநிலைக்கு அருகே நன்றாக ஒட்டும். காரத்தன்மை கூடினால் கார்பனேட்டும் கூடுகிறது. ஒட்டியிருந்த யுரேனியத்தை அது கழற்றி மீண்டும் நீருக்கு இழுத்து வருகிறது. ஆக, ஒரே மண், ஒரே யுரேனியம். நீரின் தன்மை மாறினால் முடிவும் மாறிவிடுகிறது.

காலம் செல்லச் செல்ல, ஒழுங்கற்ற புதிய இரும்புத் துரு மெல்லக் கெட்டியான படிகமாக மாறும். அப்போது மேற்பரப்பில் இருந்த யுரேனியத்தில் ஒரு பகுதி படிகத்தின் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வாசலில் நிற்பவரை விரட்டுவது எளிது. வீட்டுக்குள் போய்க் கதவு அடைபட்டுவிட்டால் வெளியேற்றுவது கடினம். இதுவும் அப்படித்தான்.

அடுத்தவை களிமண் கனிமங்கள். இவை ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஏடுகளின் பரப்பிலும் விளிம்பிலும் யுரேனைலைப் பிடித்து வைக்கும். அத்துடன் களிமண் நீரை எளிதில் ஊடுருவ விடாது. நீர் நகராவிட்டால் யுரேனியம் எப்படி நகரும்?

மூன்றாவது பாஸ்பேட். பாஸ்பேட் கலந்த நீரில் யுரேனைல் சேர்ந்தால் ஆட்டுனைட் போன்ற கனிமங்கள் உருவாகும். பிரான்சின் ஆட்டன் நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் இந்த மஞ்சள் பச்சைக் கனிமத்தில் யுரேனியம் ஆறாம் நிலையிலேயே இருந்தாலும் எளிதில் கரைவதில்லை. எலும்பின் கனிமப் பொருளான அபடைட்டைப் பயன்படுத்தி மாசுபட்ட நிலத்தடி நீரை வடிகட்டும் முயற்சிகள் நடப்பது இதனால்தான்.

நான்காவது, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் உண்டாகும் இரும்பு, கந்தகக் கனிமங்கள். பைரைட், மேக்னடைட் போன்றவை எலெக்ட்ரானைக் கொடுக்க வல்லவை. அவை தரும் எலெக்ட்ரானைப் பெற்று யுரேனியம் ஆறாம் நிலையிலிருந்து இறங்கி, உறைந்துவிடும்.

மக்கிய இலையின் இரட்டை வேடம்

கரிமப் பொருளின் செயல் இதைவிடச் சிக்கலானது. இலை, வேர், பாசி ஆகியவை மக்கும்போது ஹியூமிக் அமிலம், பல்விக் அமிலம் எனப்படும் பழுப்பு நிற மூலக்கூறுகள் உண்டாகின்றன. காட்டோடை நீர் தேநீர் நிறத்தில் ஓடுவதற்கு இவையே காரணம். இந்த மூலக்கூறுகளில் கார்பாக்சில் என்னும் கைகள் நிறைய உண்டு. அந்தக் கைகள் யுரேனைலை இறுகப் பற்றிக்கொள்ளும்.

பற்றிக்கொண்ட பின் என்ன நடக்கும்? அது அந்தக் கரிமப் பொருள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சதுப்பு நிலத்தில் தடித்த மக்குப் படலமாக நிலைத்திருந்தால், யுரேனியமும் அங்கேயே தங்கும். உலகின் பல சதுப்பு நிலங்களில், சுற்றியுள்ள பாறையை விடப் பல மடங்கு யுரேனியம் சேர்ந்திருப்பது இதனால்தான். ஆனால் அதே கரிமப் பொருள் நீரில் கரைந்து ஓடக்கூடியதாக இருந்தால், யுரேனியத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விடும்.

கனிமமும் கரிமமும் ஒன்றாக இருக்கும்போது இன்னொரு நுட்பம் உண்டு. அமில நீரில் ஹியூமிக் அமிலம் இரும்பு ஆக்சைடின் மீது படிந்து, அதன் வழியாகக் கூடுதல் யுரேனியத்தைப் பிடித்து வைக்கும். நீர் நடுநிலையைத் தாண்டிக் காரத்தை நோக்கிப் போனால், அதே ஹியூமிக் அமிலம் பரப்பை விட்டு நீருக்குள் இறங்கி, யுரேனியத்தையும் உடன் அழைத்துச் செல்லும். சிட்ரிக் அமிலம் போன்ற சிறிய கரிம அமிலங்களும் கனிமத்தில் ஒட்டிய யுரேனியத்தைக் கரைத்து எடுக்க வல்லவை.

கரிமப் பொருள் நுண்ணுயிர்களுக்கு உணவும்கூட. அதைத் தின்று வாழும் சில பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் தீர்ந்ததும் அதற்குப் பதிலாக இரும்பையும் யுரேனியத்தையும் 'சுவாசிக்க' முடியும். அதாவது தங்களிடம் மிஞ்சும் எலெக்ட்ரானை யுரேனியத்திடம் ஒப்படைத்து அதை நான்காம் நிலைக்கு இறக்கிவிடும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியும் அவருடைய குழுவினரும் 1991-இல் இதை வெளியிட்டனர். ஹியூமிக் பொருள் இந்த எலெக்ட்ரானை பாக்டீரியாவிடம் வாங்கிக் கனிமத்திடம் கொண்டு சேர்க்கும் தூதனாகவும் வேலை செய்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

200 கோடி ஆண்டுச் சாட்சி

இவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒரு சாட்சி இருக்கிறது. 1972-இல் பிரான்சின் பியர்லாட் ஆலையில், காபோனின் ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தைச் சோதித்தபோது ஒரு சிறு குறை தென்பட்டது. அணு உலையில் எரியும் வகையான யுரேனியம் 235, இயற்கையில் எங்கும் 0.7202 சதவீதம் இருக்க வேண்டும். அந்த மாதிரியில் 0.7171 சதவீதமே இருந்தது. விசாரித்துப் பார்த்ததில், ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாதுப் படுகையே இயற்கை அணு உலையாக இயங்கி, அந்த யுரேனியத்தை எரித்திருக்கிறது என்ற உண்மை வெளிப்பட்டது.

அங்கே யுரேனியம் குவிந்ததே நாம் மேலே சொன்ன விதிப்படிதான். பூமியின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் பெருகிய பிறகு, பாறைகளில் இருந்த யுரேனியம் கரைந்து நீரோடு ஓடியது. வழியில் பழைய உயிரினங்களின் கரிமப் பொருள் நிறைந்த படிவங்களைச் சந்தித்ததும் ஆக்சிஜன் இல்லாத சூழலில் உறைந்து குவிந்தது.

அதைவிட வியப்பானது பின்னர் நடந்தது. உலை அணைந்த பின் எஞ்சிய கழிவுகளில் பெரும்பகுதி, மனிதன் கட்டிய எந்தச் சுவரும் இல்லாமலே அங்கேயே தங்கிவிட்டது. அங்கு உண்டான புளூட்டோனியம் தன் இடத்தை விட்டுக் கிட்டத்தட்ட நகரவே இல்லை. வாயுக்களும் சீசியம் போன்ற சிலவும் மட்டுமே தப்பின. உலைகளைச் சூழ்ந்த களிமண் ஒரு காவல். சில உலைகளில், உருகி மறுபடி கெட்டியான தார் போன்ற கரிமப் பொருள் யுரேனினைட் துகள்களை உள்ளே வைத்துப் பொதிந்தது இன்னொரு காவல்.

கனடாவின் சிகார் லேக் இதற்கு மற்றொரு சான்று. ஏறத்தாழ 130 கோடி ஆண்டுப் பழமையான, மிகச் செறிவான யுரேனியத் தாது அங்கே தரைக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைச் சுற்றிக் களிமண் உறை. அத்தனை யுரேனியம் கீழே இருந்தும் மேலே தரையில் அதன் சுவடே இல்லை. அணுக்கழிவை ஆழத்தில் புதைக்கத் திட்டமிடும் நாடுகள் இவ்விரு இடங்களையும் திரும்பத் திரும்ப ஆராய்வது ஏன் என்று இப்போது புரியும்.

காவல் கைவிடும் இடங்கள்

ஆனால் இதை மட்டும் படித்துவிட்டு, "புதைத்துவிட்டால் போதும், பூமி பார்த்துக்கொள்ளும்" என்று முடிவு கட்டக் கூடாது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்ற ஊரில் பழைய யுரேனிய ஆலை ஒன்று இருந்தது. ஆலைக் கழிவை அகற்றிய பின்னும் நிலத்தடி நீரில் யுரேனியம் தங்கிவிட்டது. 2002-இல் அங்கே ஆய்வாளர்கள் அசிடேட்டை நிலத்துக்குள் செலுத்தினார்கள். இது காடியில் உள்ள அமிலத்தின் உப்பு. பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவு. சில நாட்களிலேயே யுரேனியத்தை உறைய வைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் யுரேனியம் குறையத் தொடங்கியது. ஆனால் சில வாரங்களில் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த உணவைக் கைப்பற்றிக்கொள்ள, யுரேனியத்தின் அளவு மீண்டும் ஏறியது. இயற்கையை வேலைக்கு அமர்த்தலாம். ஆனால் மேற்பார்வையை விட முடியாது என்பதே அங்கு கற்ற பாடம்.

பிரான்சின் லிமூசின் பகுதியில் யுரேனியச் சுரங்கக் கழிவால் மாசுபட்ட ஒரு சதுப்பு நிலத்தை ஆராய்ந்தவர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது. அங்கு யுரேனியம் நான்காம் நிலையிலேயே இருந்தது. விதிப்படி அது அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் இரும்பும் கரிமப் பொருளும் சேர்ந்த மிக நுண்ணிய துகள்களில் ஏறி, நீரோடு நகர்ந்துகொண்டிருந்தது. கரையாதது என்பதாலேயே நகராதது என்று சொல்லிவிட முடியாது என இது காட்டியது.

நம் நாட்டுக் கிணறுகளில் நடப்பது

இனி நம் நாட்டுக்கு வருவோம். ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் 324 கிணறுகளின் நீரை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய அலுவலர்களுடன் சேர்ந்து சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ராஜஸ்தானில் சோதித்த கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த அளவைத் தாண்டியிருந்தன. பஞ்சாபிலும் இதே சிக்கல் உண்டு.

இதற்கு எந்த அணு உலையும் காரணமல்ல. இமயமலைக் கருங்கற்பாறைகளிலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலிலும் உள்ளூர்ப் பாறைகளிலும் யுரேனியம் இயல்பாகவே இருக்கிறது. வறண்ட பகுதி நீரில் பைகார்பனேட் மிகுதி. அதனுடன், பாசனத்துக்காக நிலத்தடி நீரை அளவின்றி இறைக்கிறோம். நீர்மட்டம் இறங்கும்போது, இதுவரை நீரில் மூழ்கி ஆக்சிஜன் படாமல் இருந்த அடுக்குகளுக்குக் காற்று புகுகிறது. வயலில் கொட்டிய உரத்தின் நைட்ரேட்டும் இறங்கி, யுரேனியத்தை ஆறாம் நிலைக்கு மாற்ற உதவுகிறது. பாறை பிடித்து வைத்திருந்ததை அவிழ்த்து விட்டதில் நம் பங்கும் இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கிழக்கே வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் உள்ள டெல்டாவும் பெரும்பாலும் இமயமலை வண்டல்தான். ஆனால் அங்கே மண்ணில் கரிமப் பொருள் அதிகம். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. அதனால் அந்தக் கிணறுகளில் யுரேனியம் பொதுவாகக் குறைவு. அதற்குப் பதிலாக, கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்க, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் வெளியேறி லட்சக்கணக்கான மக்களைப் பாதித்தது. ஒரே மலையின் வண்டல், ஓரிடத்தில் யுரேனியத்தையும் மற்றோரிடத்தில் ஆர்சனிக்கையும் நீருக்கு விடுகிறது. அடுத்த ஊர்க் கிணறு நல்லது என்பதால் நம் ஊர்க் கிணறும் நல்லது என்று எண்ண முடியாது. ஒரு நச்சைச் சோதித்து 'இல்லை' என்று வந்தால் மற்றதும் இல்லை என்று பொருளல்ல.

உடலுக்கு என்ன செய்யும்? நாம் என்ன செய்யலாம்?

குடிநீர் வழியாக வரும் இயற்கை யுரேனியத்தில் முதன்மையான அச்சம் கதிர்வீச்சு அல்ல. ஈயம் போல ஒரு கன உலோகமாக அது சிறுநீரகத்தைப் பாதிப்பதே கவலை. விழுங்கிய யுரேனியத்தில் மிகப் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். குடலால் உறிஞ்சப்படுவது ஓரிரு சதவீத அளவே. ஆனால் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிக்கும்போது அந்தச் சிறு பங்கே பொருட்படுத்த வேண்டியதாகிறது.

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, சோதனை. யுரேனியத்துக்கு நிறமில்லை, வாசனை இல்லை, நீரில் இருக்கும் அளவில் சுவையும் இல்லை. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வழியே இல்லை. வழக்கமான குடிநீர்ச் சோதனையில் யுரேனியம் பெரும்பாலும் சேர்வதில்லை. தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இப்போது 30 மைக்ரோகிராம் என்ற அளவையே வைத்திருக்கிறது.

இரண்டாவது, கொதிக்க வைப்பது இதற்குப் பயன்படாது. கிருமி சாகும்; யுரேனியம் சாகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

மூன்றாவது, ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு முறையும் அயனி மாற்றி முறையும் யுரேனியத்தை நன்றாகவே நீக்கும். ஆனால் நீக்கிய யுரேனியம் கழிவு நீரில் செறிந்திருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அந்த நீரைக் கிணற்றருகே கொட்டுவது நல்லதல்ல.

நான்காவது, குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அந்த நீரைப் பயன்படுத்துவதில் அஞ்ச வேண்டியதில்லை. தோல் வழியே யுரேனியம் உடலுக்குள் புகுவது மிகமிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாற்று நீர் இருந்தால் போதும்.

ஐந்தாவது, இது ஒரு வீட்டோடு தீரும் காரியமல்ல. நீரை அளவோடு இறைப்பதும் உரத்தை அளவோடு இடுவதும் ஊரார் கூடிச் செய்ய வேண்டியவை. ஒருவர் ஆர்.ஓ. வாங்கிக்கொள்ளலாம், வாங்க முடியாத பக்கத்து வீட்டாரும் அதே நீரடுக்கிலிருந்துதான் குடிக்கிறார்கள்.

ஓக்லோவில் 200 கோடி ஆண்டுகள் நின்ற காவல், நிலத்தடி நீர் சில பத்தாண்டுகளில் வற்றிய இடத்தில் தளர்கிறது. களிமண், துரு, மக்கு மூன்றும் தம் வேலையைச் செய்யும்; சுற்றியுள்ள நீரின் நிலை கெடாதிருக்கும் வரை. அதைக் கெடாமல் வைத்திருப்பது நம் கையில் உள்ள பகுதி. உங்கள் ஊர்க் கிணற்று நீரைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், எவற்றுக்காகச் சோதித்தார்கள் என்று இந்த வாரமே ஊராட்சியில் அல்லது நகராட்சியில் கேட்டுப் பாருங்கள்.